கணினிக்கு வழிகண்ட பள்ளியாசிரியர் ஜார்ஜ் பூல்

இங்கிலாந்து நாட்டின் கிழக்குப் பகுதியில் லிங்கன் என்னும் பழைய நகரம் ஒன்று உள்ளது. குன்றின் உச்சியில் வானளாவிய தேவாலயமும், அதன் சரிவில் குறுகிய தெருக்களும் அமைந்த ஊர் அது. அவ்வூரில் காலணி தைத்துப் பிழைத்து வந்தார் ஜான் பூல் என்பவர். அவர்தம் துணைவியார் மேரி ஆன், திருமணத்திற்கு முன் செல்வர் இல்லத்தில் பணிப்பெண்ணாய் இருந்தவர். இவ்விருவரும் மணம்புரிந்து ஒன்பது ஆண்டுகள் மகப்பேறின்றி இருந்தனர். பின்னர் 1815ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 2ஆம் நாள் அவர்களுக்குத் தலைமகனாய்ப் பிறந்தவரே ஜார்ஜ் பூல்.

இந்நாளில் நம் பிள்ளைகள் கணினிக்கு நிரல் எழுதக் கற்கும்போது, தொடக்கப் பாடங்களிலேயே இவர் பெயர் எதிர்ப்படும். உண்மை, பொய் என்னும் இரண்டே விடைகளுள் ஒன்றை ஏற்கும் தரவுக்குப் பூலியன் என்று பெயர். பொருள்களைத் தொகுத்து வைக்கும் கணம் என்னும் அமைப்பும் இவர் காட்டிய கணக்கின் வழியிலேயே இயங்குகிறது. ஆனால் பூல் வாழ்ந்த காலத்தில் கணினி இல்லை. வீடுகளில் மின்விளக்கும் இல்லை. அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் மாணவராய் அமர்ந்து படித்தவரும் அல்லர். காலணி தைப்பவரின் மகனாய்ப் பிறந்து, பதினாறாம் வயதிலேயே குடும்பத்தைத் தோள்மேல் தாங்கிய ஓர் எளிய பள்ளியாசிரியர் அவர்.

தந்தையார் ஜான் பூலுக்குத் தோலையும் ஊசியையும்விடக் கண்ணாடி வில்லைகளின் மீதே நாட்டம் மிகுதி. தம் கையாலேயே தொலைநோக்கிகளைச் செய்வார். செய்து முடித்ததும், விண்ணின் விந்தைகளைக் காண விழைவோர் வந்து பார்க்கலாம் எனக் கடைச் சாளரத்தில் அறிவிப்பு எழுதி வைப்பார். காலணி வாங்க வந்தவர் காத்திருக்க, அவர் வில்லைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தால் வணிகம் எவ்வாறு தழைக்கும்? தொழில் நாளுக்கு நாள் நலிந்தது. அவரைப் பொறுப்பற்றவர் என ஊரார் சிலர் எண்ணியிருக்கவும் கூடும். எனினும் மகனுக்கு முதன்முதலில் கணக்குக் கற்பித்தவரும், கருவிகள் செய்யப் பழக்கியவரும் அவரே. பொருளைத் தேடி வைக்க அவரால் இயலவில்லை. அறிவின் சுவையை மட்டும் மகனுக்கு ஊட்டிவிட்டார்.

சிறுவன் ஜார்ஜ் உள்ளூர்த் தொடக்கப்பள்ளியில் படித்தான்; பின்னர் வணிகக் கல்வி தரும் பள்ளி ஒன்றிலும் பயின்றான். முறையான பள்ளிக்கல்வி அவ்வளவே. இலத்தீன் மொழி கற்க வேண்டும் என்னும் ஆவல் அவனுக்கு எழுந்தது. தந்தைக்கு அம்மொழி தெரியாது. வில்லியம் புரூக் என்னும் புத்தக வணிகர் தந்தையின் நண்பர். அவர் அச்சிறுவனுக்கு இலத்தீன் பயிற்றுவித்தார். கிரேக்க மொழியைச் சிறுவன் தானே முயன்று கற்றான். பதினான்காம் வயதில் ஒரு கிரேக்கப் பாடலை ஆங்கிலத்தில் பெயர்த்தான். பெருமிதம் பொங்கிய தந்தை அதனை உள்ளூர் இதழில் வெளியிடச் செய்தார். உடனே எழுந்தது ஒரு பூசல். பதினான்கு வயதுச் சிறுவன் இவ்வாறு எழுதுதல் இயலாது, இது வேறொருவர் எழுதியதாகவே இருக்கவேண்டும் என அதே ஊரைச் சேர்ந்த பள்ளியாசிரியர் ஒருவர் வழக்காடினார். ஏழை வீட்டுப் பிள்ளை ஒன்றைச் சிறப்பாகச் செய்துவிட்டால் முதலில் எழுவது பாராட்டன்று, ஐயமே என்பதனை அச்சிறுவன் இளமையிலேயே அறிந்துகொண்டான்.

1831ஆம் ஆண்டில் தந்தையின் தொழில் அறவே முறிந்தது. தாய், தந்தை, ஒரு தங்கை, இரு தம்பியர் என ஐவரையும் காக்கும் கடமை பதினாறு வயதும் நிறையாத ஜார்ஜின் மேல் விழுந்தது. படித்துப் பாதிரியார் ஆகவேண்டும் என்று அவர் கொண்டிருந்த எண்ணம் நிறைவேறவில்லை. வீட்டிலிருந்து நெடுந்தொலைவில் உள்ள டான்காஸ்டர் நகரில், ஒரு தனியார் பள்ளியில் துணையாசிரியராய் அமர்ந்தார். அங்கே இருந்தபொழுதுதான், ஒரு நாள் வயல்வெளியில் நடந்து செல்கையில், அவர் உள்ளத்தில் ஓர் எண்ணம் மின்னலெனத் தோன்றியது. எண்களின் உறவுகளை இயற்கணிதக் குறிகளால் எழுதுகிறோம்; மனிதர் எண்ணிப் பார்க்கும் முறையையும் அவ்வாறே குறிகளால் எழுதிவிட முடியாதா என்பதே அவ்வெண்ணம். பிற்காலத்தில் அவர்தம் மனைவியார் இதனை எழுதி வைத்துள்ளார். விதை விழுந்த நாள் அது. முளைவிடப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

டான்காஸ்டர்ப் பணி நீடிக்கவில்லை. அது சமயப் பற்று மிக்கோர் நடத்திய பள்ளி. புதிய ஆசிரியர் ஞாயிற்றுக்கிழமைகளிலும், வழிபாட்டின்போதும் கூடக் கணக்கிலேயே ஆழ்ந்திருக்கிறார் எனப் பெற்றோர் முறையிட்டனர். பூல் வேலையை இழந்தார். வேறு ஊர்களில் சிறிது காலம் பணியாற்றினார். பின்னர் 1834ஆம் ஆண்டில், லிங்கன் நகருக்கே திரும்பிச் சொந்தமாக ஒரு பள்ளியைத் திறந்தார். அப்பொழுது அவருக்கு வயது 19 அளவே. தந்தை, தாய், தங்கை, தம்பியர் அனைவரும் அவ்வப்போது பள்ளி வேலைகளில் தோள்கொடுத்தனர். பகலெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம். இரவெல்லாம் தமக்குப் பாடம். இவ்வாறு 15 ஆண்டுகள் கழிந்தன.

கணித நூல்களை அவர் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு சுவையான காரணம் கூறுவர். அவர் கையில் பணம் குறைவு. கதை நூல் வாங்கினால் ஓரிரு நாளில் முடிந்துவிடும். கணித நூல் வாங்கினால் பல மாதம் படிக்கலாம். ஒரே விலைக்கு நீண்ட நாள் உணவு! லக்ருவா என்னும் பிரெஞ்சு அறிஞர் இயற்றிய நுண்கணித நூலை யாருடைய துணையுமின்றி நெடுங்காலம் போராடிக் கற்றார். நல்லாசிரியர் ஒருவர் அருகில் இருந்திருந்தால் மிக விரைவில் கற்றிருக்கலாம் என்பது உண்மை. ஆனால் பிறர் நடந்த பாதையை அறியாமல் தாமே வழிவெட்டிச் சென்றவர் என்பதனாலேயே, பிறர் காணாத இடத்தை அவர் கண்டார் எனவும் தோன்றுகிறது.

லிங்கன் நகரத் தொழிலாளர்களின் கல்விக்காக அக்காலத்தில் மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட் என்னும் கழகம் ஒன்று தோன்றியது. அதன் நூலகத்தையும் கருவிகளையும் காக்கும் பணி தந்தை ஜான் பூலுக்குக் கிடைத்தது. கொல்லரும் தச்சரும் கடை ஊழியரும் வேலை முடிந்து வந்து அங்கே நூல் படித்தனர். ஜார்ஜ் பூல் அங்கே ஊதியமின்றி வகுப்பெடுத்தார். 1835ஆம் ஆண்டில் அறிவியல் மேதை நியூட்டனைப் பற்றி அங்கே அவர் ஆற்றிய உரை பலரைக் கவர்ந்தது. அண்மையில் வாழ்ந்த எட்வர்ட் பிராம்ஹெட் என்னும் செல்வர் தம் கணித நூல்களை அவருக்கு இரவல் தந்து உதவினார்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்நாளில் கடைகளில் வேலை செய்த இளைஞர்கள் காலை முதல் இரவு நெடுநேரம் வரை உழைத்தனர். கடைகளை முன்னேரத்தில் அடைக்கவேண்டும், உழைப்போர்க்கு ஓய்வு வேண்டும் என்னும் இயக்கத்தில் பூல் முனைந்து நின்றார். 1847ஆம் ஆண்டில் அவ்விளைஞர்களின் முன் நின்று, கிடைத்த ஓய்வை எவ்வாறு பயன்படுத்துவது என்பது குறித்து ஒரு சொற்பொழிவாற்றினார். ஓய்வு என்பது முதலாளி இரங்கித் தரும் சலுகை என்று அவர் கருதவில்லை. தம் வாழ்வில் மாலைப்பொழுது ஒன்றே கல்லூரியாய் அமைந்தவர் அவர். அம்மாலைப்பொழுது பிறர்க்கும் வேண்டும் எனக் கேட்டதில் வியப்பில்லை.

1840களின் தொடக்கத்திலிருந்து அவருடைய கட்டுரைகள் கேம்பிரிட்ஜ் கணித இதழில் வரலாயின. இதழாசிரியர் டங்கன் கிரகரி அவரைப் பெரிதும் ஊக்கினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பட்டம் பெறலாமா என்னும் எண்ணமும் அவருக்கு எழுந்தது. ஆனால் பள்ளியை மூடிவிட்டால் பெற்றோர் உண்பது எப்படி? எண்ணத்தைக் கைவிட்டார். 1844ஆம் ஆண்டில் அவர் எழுதிய நீண்ட கட்டுரை ஒன்றை இலண்டன் அரசக் கழகம் வெளியிட்டுத் தங்கப் பதக்கமும் வழங்கியது. பட்டமற்ற பள்ளியாசிரியர் ஒருவரின் பெயரை நாட்டின் கணித அறிஞர் அனைவரும் அப்பொழுது அறிந்தனர்.

வயல்வெளியில் தோன்றிய அந்தப் பழைய எண்ணம் 1847ஆம் ஆண்டில் ஒரு சிறு நூலாயிற்று. 1854ஆம் ஆண்டில், சிந்தனையின் விதிகளை ஆராயும் பெருநூலாய் விரிந்தது. அந்நூலின் அடிப்படைக் கருத்து நம் மாணவர்க்கும் எட்டாததன்று. சற்றுப் பொறுமையோடு காண்போம்.

இயற்கணிதத்தில் ஓர் எழுத்து ஓர் எண்ணைக் குறிக்கும். பூலின் கணக்கிலோ ஓர் எழுத்து ஒரு கூட்டத்தைக் குறிக்கும். வெண்ணிறப் பொருள்கள் எல்லாம் சேர்ந்த கூட்டத்திற்கு ஓர் எழுத்து. செம்மறியாடுகள் எல்லாம் சேர்ந்த கூட்டத்திற்கு மற்றோர் எழுத்து. இரண்டையும் அடுத்தடுத்து எழுதினால் வெண்ணிறச் செம்மறியாடுகள். இது அவரே காட்டிய எடுத்துக்காட்டு. நாம் நம் பள்ளியை எடுத்துக்கொள்வோம். காற்பந்துக் குழுவினரை அ என்றும், தமிழ்க் கழகத்தினரை ஆ என்றும் குறிப்போம். இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது, இரண்டிலும் இருக்கும் மாணவர் கூட்டம். இங்கே பெருக்கல் என்பது எண்களைப் பெருக்குவதன்று. ஒரு கூட்டத்திலிருந்து மற்றொரு கூட்டத்திற்கும் உரியவரைத் தெரிந்தெடுப்பதாகும். அ முன்னே வந்தாலும் ஆ முன்னே வந்தாலும் விடை ஒன்றே. பள்ளியின் மாணவர் அனைவரையும் 1 என்று குறிப்போம்; ஒருவரும் இல்லாத வெறுங் கூட்டத்தை 0 என்போம். ஆகவே ஒன்றிலிருந்து அ-வைக் கழித்தால் காற்பந்துக் குழுவில் இல்லாதவர் அனைவரும் கிடைப்பர்.

இனித்தான் வியப்பு. அ-வை அ-வாலேயே பெருக்கினால் என்ன கிடைக்கும்? காற்பந்துக் குழுவில் இருப்பவருள் காற்பந்துக் குழுவில் இருப்பவரைத் தெரிந்தெடுத்தால், அதே குழுதான். ஆகவே அ பெருக்கல் அ, அ-வே ஆகும். எண்களில் இது நிகழுமா? 2ஐ 2ஆல் பெருக்கினால் 4. 3ஐ 3ஆல் பெருக்கினால் 9. எண்கள் அனைத்தையும் தேடிப் பாருங்கள். 0ஐ 0ஆல் பெருக்கினால் 0. 1ஐ 1ஆல் பெருக்கினால் 1. இவ்விரண்டு எண்களே இவ்விதிக்குப் பொருந்துவன. ஒருவர் ஒரு குழுவில் இருக்கிறார், அல்லது இல்லை. ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. நடுவே நிற்க இடமில்லை. எண்ணற்ற எண்களைக் கொண்ட கணக்குலகிலிருந்து பூல் இரண்டே எண்களைப் பிரித்தெடுத்து, அவற்றால் ஒரு புதுக் கணக்கை நிறுவிய இடம் இது.

கூட்டலில் மட்டும் அவர் ஒரு கட்டுப்பாடு வைத்தார். ஒரு வகுப்பில் 40 பேர் எனக் கொள்வோம். காற்பந்தில் 18 பேர், தமிழ்க் கழகத்தில் 25 பேர், இரண்டிலும் இருப்பவர் 7 பேர். அவசரப்பட்டு 18ஐயும் 25ஐயும் கூட்டினால் 43 வரும். வகுப்பிலேயே 40 பேர்தான்! அந்த எழுவரும் இரு முறை எண்ணப்பட்டனர். அவர்களை ஒருமுறை நீக்கினால் 36 பேர். எஞ்சிய நால்வர் எதிலும் சேராதவர். பொதுவான உறுப்பினர் இல்லாத கூட்டங்களை மட்டுமே கூட்டலாம் என்றார் பூல். அவருக்குப் பின் வந்த ஜெவன்ஸ் என்னும் அறிஞர், இரு முறை வருவோரை ஒருமுறையே கொள்வதாகக் கூட்டலைத் திருத்தியமைத்தார். இன்றைய கணினி நிரல்கள் பின்பற்றுவது ஜெவன்சின் முறையையே. ஒன்றோடொன்று மேவிய வட்டங்களை வரைந்து இக்கணக்குகளைக் காட்டும் முறையை 1880ஆம் ஆண்டில் ஜான் வென் வெளியிட்டார். நம் கணிதப் பாடநூல்களில் வரும் வென் வரைபடம் அதுவே.

இத்தகைய அறிவாற்றல் படைத்தவர்க்கு உரிய பணி எளிதில் கிட்டியதா என்றால் இல்லை. அயர்லாந்து நாட்டில் புதிய கல்லூரிகள் நிறுவப்படுவதை அறிந்து 1846ஆம் ஆண்டில் விண்ணப்பித்தார். தமக்குப் பட்டம் இல்லை என்பதனை மறைக்காமல் எழுதினார். டி மார்கன், கேலி, வில்லியம் தாம்சன் முதலிய பேரறிஞர்கள் அவருக்காகப் பரிந்துரை எழுதினர். மூன்று ஆண்டுகள் விடையின்றிக் கழிந்தன. 1848ஆம் ஆண்டு இறுதியில் தந்தை ஜான் பூல் காலமானார். அடுத்த ஆண்டு, 1849இல், கார்க் நகரத்துக் குயின்ஸ் கல்லூரியின் முதற் கணிதப் பேராசிரியராய் மகன் அமர்த்தப்பட்டார். தொலைநோக்கி செய்த அந்த முதியவருக்கு அதனைக் காணும் பேறு கிட்டவில்லை.

பூல் கார்க் நகரில் கால் வைத்தபொழுது அயர்லாந்து துயரக்கடலில் மூழ்கியிருந்தது. 1845 முதல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியதால் விளைந்த பெரும்பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். மேலும் பத்து இலட்சம் பேர் கப்பலேறி அயல்நாடுகளுக்குச் சென்றனர்.

கார்க்கில் அவர் மேரி எவரஸ்ட் என்னும் நங்கையைச் சந்தித்தார். உலகின் மிக உயர்ந்த சிகரத்திற்கு எவருடைய பெயர் சூட்டப்பட்டதோ, அந்த ஜார்ஜ் எவரஸ்டின் தம்பி மகள் இவர். இந்திய நிலப்பரப்பை அளந்த பெருந்திட்டத்தை லாம்டன் என்பவர் 1802ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலையின் அருகிலிருந்து தொடங்கினார். அவருக்குப் பின் அதனை இமயம் வரை கொண்டு சென்றவர் எவரஸ்ட். மேரிக்குக் கணிதத்தில் பெருவிருப்பம். பெண்கள் பல்கலைக்கழகம் புக இயலாத காலம் அது. பூல் மடல்கள் வாயிலாகவும் நேரிலும் அவருக்குக் கணிதம் கற்பித்தார். 1855ஆம் ஆண்டில் இருவரும் மணம்புரிந்தனர். ஐந்து பெண்மக்கள் பிறந்தனர். கணவர் எழுதிய பாடநூல்களின் படிகளை மனைவியார் மாணவர் நோக்கில் படித்துப் பார்த்து, விளங்காத இடங்களைச் சுட்டிக்காட்டித் திருத்தச் செய்தார்.

1864ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் இறுதியில் ஒரு நாள். பூலின் இல்லத்திலிருந்து கல்லூரி ஏறத்தாழ மூன்று மைல். கொட்டும் மழையில் நடந்தே சென்றார். நனைந்த உடையோடு நின்று பாடம் நடத்தினார். மாணவர் காத்திருப்பர் என்பதனால் வகுப்பைத் தவிர்க்க அவர் எண்ணவில்லை. சளியும் காய்ச்சலும் பற்றின, நுரையீரல் பாதிக்கப்பட்டது. ஈரத்தால் வந்த நோய்க்கு ஈரமே மருந்து எனக் கருதி மனைவியார் நனைந்த துணிகளால் போர்த்தினார் என ஒரு செய்தி வழங்குகிறது. அதனைச் சொல்லி அவ்வம்மையாரைப் பழிப்போர் உண்டு. குளிர்நீர் மருத்துவத்தைக் கற்றோரும் நம்பிய காலம் அது என்பதனை அவர்கள் மறந்துவிடுகின்றனர். டிசம்பர் 8ஆம் நாள் பூல் மறைந்தார். அப்பொழுது அவருக்கு வயது 49. கடைசிக் குழந்தைக்கு ஏழு மாதம்.

மேரி அம்மையார் இலண்டன் மாநகர் சென்று, பெண்கள் கல்லூரி ஒன்றின் நூலகராய்ப் பணியேற்றார். சிறுவர்க்குக் கணிதத்தை விளையாட்டாய்க் கற்பிக்கும் வழிகளை அங்கே அவர் தேடினார். ஓர் அட்டையின் இரு விளிம்புகளில் சம இடைவெளிவிட்டுத் துளைகள் இடவேண்டும். ஒரு விளிம்பின் முதல் துளையையும் மறு விளிம்பின் கடைசித் துளையையும் நூலால் இணைத்து, இவ்வாறே ஒவ்வொரு துளையாய்க் கோத்துக்கொண்டு வந்தால், நேர்க்கோடுகளிலிருந்தே ஓர் அழகிய வளைவு தோன்றும். கைவினைப் பாடத்தில் நம் மாணவர் செய்யும் நூல் ஓவியம் போன்றதே இது. 1909ஆம் ஆண்டில், இயற்கணிதத்தின் இன்பத்தைச் சிறுவர்க்கு உரைக்கும் நூல் ஒன்றையும் அவர் வெளியிட்டார். மக்களுள் அலிசியா கல்லூரி வாசலை மிதிக்காமலேயே நான்கு பரிமாண வடிவியலில் புதியன கண்டார். லூசி வேதியியல் அறிஞரானார். கைக்குழந்தையாய் இருந்த எதெல் புகழ்பெற்ற நாவலாசிரியரானார்.

பூலின் கணக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் அறிஞர் சிலரின் நூலறையிலேயே அடங்கிக் கிடந்தது. 1937ஆம் ஆண்டில் கிளாட் ஷானன் என்னும் 21 வயது அமெரிக்க மாணவர் தம் ஆய்வேட்டில் ஓர் உண்மையை விளக்கினார். ஒரே கம்பியில் அடுத்தடுத்து இரு மின்விசைகள் இருந்தால், இரண்டையும் போட்டால்தான் விளக்கு எரியும். இது பூலின் பெருக்கல். தனித்தனிக் கிளைகளில் இரு விசைகள் இருந்தால், ஏதேனும் ஒன்றைப் போட்டாலே எரியும், இது கூட்டல். விசை திறந்திருந்தால் 0, மூடியிருந்தால் 1. மனிதச் சிந்தனைக்காகப் பூல் எழுதிய விதிகளை மின்கம்பிகளும் கடைப்பிடிக்கும் எனத் தெரிந்தவுடன், எண்ணிப் பார்க்கும் பொறிகளை அமைக்கத் தெளிவான வழி பிறந்தது.

கணினிக்குள் தரவுகளைத் தொகுத்து வைக்கப் பல பாத்திரங்கள் உண்டு. 1991ஆம் ஆண்டில் வெளிவந்த பைத்தான் என்னும் நிரல்மொழியில் சிறுவர் முதலில் கற்பவை நான்கு. பள்ளி நூலகத்திற்கு இன்று வந்தவரை வரிசையாய் எழுதுவோம்: வள்ளி, கண்ணன், வள்ளி. வள்ளி காலையிலும் வந்தாள், மாலையிலும் வந்தாள். இது பட்டியல். வந்த வரிசை மாறாது. ஒரே பெயர் எத்தனை முறையும் வரலாம். இதனையே கணமாக மாற்றினால் வள்ளி, கண்ணன் என இருவர் மட்டுமே இருப்பர். வள்ளியைப் பத்து முறை சேர்த்தாலும் கணம் மாறாது. அ பெருக்கல் அ, அ-வே என்று பூல் எழுதிய விதியின் நிழல் இங்கே தெரிகிறதன்றோ? பொதுவானவரைக் காண்பதும், இரு கணங்களை ஒன்றாக்குவதும், ஒன்றிலிருந்து மற்றொன்றை நீக்குவதும் ஒரே வரியில் முடியும்.

மூன்றாவது அகராதி. தோட்டங்களில் முன்னாளில் கிராணியார் வைத்திருந்த செக்ரோல் புத்தகத்தைப் பெரியோர் அறிவர். ஒவ்வொரு தொழிலாளியின் பெயருக்கும் நேரே அவர் வேலை செய்த நாள் குறிக்கப்பட்டிருக்கும். பெயரைத் தேடினால் கணக்கு கிடைக்கும். கணினியின் அகராதியும் அவ்வாறே. வள்ளி என்று கேட்டால் 2 என்று விடை தரும். நான்காவது, உறுப்புகளை மாற்ற முடியாதபடி கட்டி வைத்த தொகுப்பு, டியூப்பிள் என்பர். பூலின் பிறந்த நாளை 2, 11, 1815 என அதில் இடலாம். பிறந்த நாள் பின்னாளில் மாறப்போவதில்லை. வரிசை பிறழ்ந்து 11, 2 என்றாகிவிட்டால் நவம்பர் பிப்ரவரியாகிவிடும்.

எதனை எதில் இடுவது என்பதே நிரல் எழுதுவோர் எண்ணிப் பார்க்கவேண்டிய கேள்வி. நூலகத்திற்கு எத்தனை மாணவர் வந்தனர் என்று தலைமையாசிரியர் கேட்டால் கணம் போதும். எத்தனை முறை வந்தனர் என்று கேட்டால் கணத்தால் விடை கூற இயலாது. வள்ளியின் மாலை வருகை அதில் மறைந்துபோயிற்று. பிழையான பாத்திரத்தில் இட்ட தரவு பிழையான விடையையே தரும். கணினி அதனைத் தானே உணர்ந்து திருத்திக்கொள்ளாது.

இதனைக் கற்கக் கணினியும் வேண்டுவதில்லை. திடலில் இரண்டு நீண்ட கயிறுகளை வட்டமாய் இட்டு, ஒன்றோடொன்று சிறிது மேவுமாறு அமையுங்கள். தம்பி அல்லது தங்கை உடையோர் முதல் வட்டத்தில் நிற்கட்டும். மிதிவண்டி ஓட்டத் தெரிந்தோர் இரண்டாம் வட்டத்தில் நிற்கட்டும். இரண்டும் உடையோர் நடுவே வரவேண்டும். எதுவும் இல்லாதோர் கயிற்றுக்கு வெளியே நிற்பர். அவர்களும் கணக்கில் உள்ளவரே. பின்னர் ஒவ்வோர் இடத்திலும் நிற்போரை எண்ணித் தாளில் எழுதுங்கள். நான்கு எண்களையும் கூட்டினால் வகுப்பின் வருகைப் பதிவேட்டில் அன்று உள்ள எண் வருகிறதா என்று சரிபாருங்கள்.